முள்ளில்லாத தூண்டில்

மைஸ்டரின் பழைய காரின் முன்னிருக்கையில் இருந்துகொண்டு அத்தான் தூண்டில் முள்ளின் வளைவைக் குறட்டால் நறுக்கும் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சேவல் இறகையும் நூலையும் சுற்றி ஈயைப் போலச் செய்த, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய தூண்டில் அது. முள்ளை நறுக்கிவிட்டால் மீன் எப்படி மாட்டும்? மாட்டக்கூடாது என்பதுதான் அத்தானின் எண்ணம். அவர் என் அக்காவின் கணவர். முட்டைகூடத் தொடாத சைவக்காரர். அவர் மீன்பிடிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று அக்கா, "கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை தம்பி" என்றாள்.

அவரை ஆற்றுக்கு அழைத்துப் போனவர் மைஸ்டர். சுவிஸில், பாடன் நகரத்தில் அத்தான் வேலைசெய்த இயந்திரத் தொழிற்சாலையில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த சுவிஸ்காரர். மேற்பார்வையாளரை அங்கே மைஸ்டர் என்பார்கள்; ஓய்வு பெற்ற பிறகும் எங்களுக்கு அவர் மைஸ்டர்தான். முள் நறுக்குவதை முதல்முறை பார்த்தபோது, "பிறகு எதற்கு வருகிறாய்?" என்று கேட்டார். "மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து வாயைத் திறக்குமே, அதைப் பார்க்க" என்று தன் அரைகுறை ஜேர்மனில் அத்தான் சொன்னார். மைஸ்டர் சிரிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது தன்னுடைய குறடு ஒன்றையே கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆற்றில் அவர் சம்பளமில்லாத காவலரும்கூட. அனுமதி அட்டை இல்லாமல் பிடிப்பவர்கள், அளவு குறைந்த மீனை ஒளித்து வைப்பவர்கள் எல்லோரையும் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். தன் சொந்த மைத்துனரையே ஒருமுறை எழுதிக் கொடுத்தவர் என்று ஆற்றங்கரையில் சொல்வார்கள்.

ட்ரவுட் மீன் பிடிப்பதற்கான தடை எங்கள் ஆற்றில் மார்ச்சில்தான் நீங்கும். நாட்காட்டியில் வசந்தம் என்று போட்டிருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது கடுங்குளிர்காலம்தான். தூண்டிற்கோலின் வளையங்களில் ஈர நூல் உறைந்து நின்றுவிடும். கோலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அந்தப் பனியைக் கரைத்துவிட்டுத்தான் மறுபடி வீச வேண்டும். நண்பகலில் கொஞ்ச நேரம் வெயில் விழும்போது கறுத்த பொடி ஈக்கள் பனியின்மேல் ஊரத் தொடங்கும். ஆழத்தில் அசையாமல் கிடக்கும் மீன்கள் அவற்றைத் தின்ன ஒன்றிரண்டு தடவை மேலே வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இரண்டு பேரும், மைஸ்டர் எப்போதும் அத்தானின் இடப்பக்கமாக, தொடைவரை தண்ணீரில் நிற்பார்கள். நான் கரையில் தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இருவரும் அதிகம் கதைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. மீன் எழும்பினால் ஒருவர் மற்றவருக்குக் கையைக் காட்டுவார், அவ்வளவுதான்.

ஒரு மார்ச்சில் அத்தானின் தூண்டில் நூல் மரக்கிளையில் சுற்றிக்கொண்டு தூண்டிலோடு அறுந்துபோனது. விரல்கள் விறைத்து அவரால் புதிதாக ஒன்றைக் கட்ட முடியவில்லை. மைஸ்டர் தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். அதில் முள் இருந்ததை அந்தக் குளிரில் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது. அத்தான் பயந்துபோனதைக் கரையிலிருந்தே கண்டேன். மைஸ்டர் விரைந்து வந்து வலையில் ஏந்தினார். சிவப்புப் புள்ளிகளுடன் முழங்கை நீளத்துக்கு ஒரு ட்ரவுட். முள் உதட்டின் ஓரத்தில் இலேசாகத்தான் ஏறியிருந்தது. குறித்த அளவைவிட நீளமான மீனைப் பிடித்தால் உடனே கொன்றுவிட வேண்டும், ஆசைக்குப் பிடித்துவிட்டுத் தண்ணீரில் விடுவது மீனை வதைப்பது என்பது இங்குள்ள சட்டம். மைஸ்டர் இடுப்பிலிருந்த சின்னத் தடியை எடுத்தார்.

"நீ திரும்பிக்கொள். நான் செய்கிறேன்" என்றார் மெதுவாக.

"வேண்டாம்."

"நான் இங்கே காவலன். உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் அத்தான். ஓங்கிய கையின் கீழாகத் தன் கையை விட்டு முள்ளைக் கழற்றி, வலையைத் தண்ணீருக்குள் சரித்தார். மீன் கொஞ்ச நேரம் அவருடைய காலடியிலேயே நின்றது. பிறகு போய்விட்டது.

மைஸ்டர் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டார். வீட்டு வாசலில் அத்தான் நன்றி சொன்னார். மைஸ்டர் தலையை அசைத்துவிட்டுக் காரை எடுத்தார். எழுதிக் கொடுப்பார், அனுமதி போய்விடும் என்று காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. மைஸ்டரும் வரவில்லை. "நீங்களாவது ஒருக்கா போன் எடுத்துக் கதையுங்கோவன்" என்று அக்கா பலமுறை சொன்னாள். "அந்த மனுசன் என்ரை முகத்திலை முழிக்க விரும்பேல்லைப் போலை. நான் ஏன் கரைச்சல் குடுப்பான்?" என்பார் அத்தான். அடுத்த மார்ச்சில் ஆற்றங்கரையில் வேறொரு காவலர் நின்றார். தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் மைஸ்டர் இடத்தை மாற்றிவிட்டார் என்றே அத்தான் எண்ணிக்கொண்டார்.

மைஸ்டர் இறந்த செய்தி தொழிற்சாலை நண்பர் ஒருவர் மூலம், அடக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது. அவருடைய மனைவியைப் பார்க்க அத்தானுடன் நானும் போனேன். அந்த அம்மா கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எங்கள் எதிரில் அமர்ந்தார். அவர் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. அந்த மீனை விட்ட அன்று வீட்டுக்கு வந்ததுமே மைஸ்டர் காவல் அட்டையைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்துவிட்டாராம். "அவனை எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. எழுதாமல் இந்த அட்டையை வைத்திருக்கவும் முடியாது" என்றாராம். அதன் பிறகு ஆற்றுக்கே போகவில்லையாம்.

"ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று அத்தான் கேட்டார்.

"நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தார். முள்ளோடு கட்டிக் கொடுத்ததும் அவர்தான், கொல்லக் கையை ஓங்கியதும் அவர்தான் அல்லவா? போனடிக்கும்போதெல்லாம் நீங்களோ என்று பார்ப்பார்."

அத்தான் கோப்பியைக் குடிக்கவில்லை.

இந்த மார்ச்சில் ஆற்றுக்கு என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். கோலை எடுக்கவில்லை. வயது காலை இழுக்கிறது. பனியில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். திரும்பவும் அப்படி ஒரு மீன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"விட்டிடுவன். அதிலை எனக்கு மாற்றமில்லை" என்றார். "ஆனா அண்டைக்குப் பின்னேரமே அவரின்ரை வீட்டுப் பெல்லை அடிச்சிருப்பன்" என்றார்.

நண்பகல் வெயில் தண்ணீரில் விழுந்தது. மறுகரை ஓரமாக ஒரு மீன் எழும்பி வட்டமிட்டுப் போனது. அத்தான் சட்டென்று கையை நீட்டிக்கொண்டு இடப்பக்கம் திரும்பினார். நான் அவருடைய வலப்பக்கத்தில் நின்றிருந்தேன்.