ஹேண்ட்பால்காரியின் சிதறுகாய்

திருத்தணி மலையில் சிதறுகாய் உடைக்கும் இடத்தில் அந்தப் பெண் எனக்கு முன்னால் நின்றாள். நல்ல உயரம், அகலமான தோள்கள். நீலச் சட்டையின் முதுகில் ‘இந்தியா’ என்று எழுதியிருந்தது. தேங்காயை மேலிருந்து ஒற்றைக் கையால் கவ்விப் பிடித்து, விரல்களால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“பொம்பளைங்க ஒடைக்கக் கூடாதும்மா. கூட ஆம்பளைங்க யார்னா வந்திருந்தா குடு.”

“யாரும் வரலீங்க. இது என் வேண்டுதல். வெளிநாட்டுல பொம்பளைங்க ஹேண்ட்பால் போட்டி. ஆடிட்டு நேரா இங்கதான் வரேன்.”

“ஜெயிச்சிட்டியா?”

“இல்லீங்க, எல்லா மேட்சும் தோத்துட்டோம்.”

“தோத்ததுக்கா தேங்கா?”

“ஒரு கோலாவது போடணும்னுதான் வேண்டிக்கினேன். போட்டேன். கோல் போட்டது இந்தக் கைதாங்க. காய மட்டும் வேற கைல குடுக்கணுமா?”

பின்னால் போய், ஓடிவந்து, எம்பி, அந்தரத்திலிருந்தே வீசினாள். தேங்காய் தூள்தூளானது. ஒரு சில்லு பெரியவரின் காலடியில் வந்து விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வழக்கம்போல என் தேங்காயை வாங்கிக்கொள்ளக் கணவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஓங்கி எறிந்தேன். அது உடையாமல் உருண்டோடியது. பெரியவர் சத்தமாகச் சிரித்தார்.

போய் எடுத்து வந்தேன். இந்த முறை, அவளைப் போலவே மேலிருந்து கவ்விப் பிடித்தேன்.