வீட்டில் மட்டும் சரியாகக் கேட்ட இசை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் கேள்வி. பேசத் தொடங்கிய நாளிலிருந்தே "ஏன்?" என்று கேட்டு எல்லோர் உயிரையும் வாங்கியவள். பியானோ வகுப்பில் மற்ற பிள்ளைகள் விரலை எங்கே வைப்பது என்று கேட்டால், இவள் கறுப்புக் கட்டைகள் மட்டும் ஏன் ஒல்லியாக இருக்கின்றன என்று கேட்பாள். அந்தப் பெண்தான் பிற்பாடு பெரிய மேடைகளில் வாசித்தாள், பழைய இசையை ஆராய்ந்து முனைவர் பட்டமும் வாங்கினாள். தலை நரைக்கத் தொடங்கியும் வாய் ஓயவில்லை.

வீட்டில் அவளும் அக்காவும்தான். அப்பா போனதும் அக்கா நர்ஸ் வேலைக்குப் போனாள். ராத்திரி டியூட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள் என்று அதையே கேட்டு வாங்கிக்கொண்டாள். தங்கையின் படிப்பு, பியானோ, பயணம் எல்லாம் அதில்தான் நடந்தது. காலையில் அக்கா வந்து படுப்பாள். அடுத்த அறையில் கேள்வி பியானோ முன் உட்காருவாள். தங்கையின் ஒரு கச்சேரிக்கும் அக்கா வந்ததில்லை. "வீட்ல கேக்கறது பத்தாதா, தாயே?" என்று தட்டிக் கழித்துவிடுவாள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எப்போதோ செத்துப்போன ஒரு மேதை எழுதிய மெதுவான இசைப்பகுதி ஒன்று இருந்தது. அதை வாசித்து முடிக்கும்வரை வலது பெடலிலிருந்து காலையே எடுக்கக் கூடாது என்று அவர் குறித்திருந்தார். காலை எடுக்காவிட்டால் எழுந்த ஒலி அடங்காது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். அதனால் மனிதர் ஏதோ தவறாக எழுதிவிட்டார் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். கேள்வி விடுவாளா? வீட்டில் அவர் சொன்னபடியே வாசித்துப் பார்த்தாள். குழப்பமாவது ஒன்றாவது! ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று கேட்டது. எழுதியவர் சொன்னதே சரி என்று வருஷக்கணக்காக உழைத்து ஒரு புத்தகமே எழுதிவிட்டாள்.

இசைக் கல்லூரி அரங்கில் அதை வாசித்துக் காட்டிய அன்று மானம் கப்பலேறியது. ஒலியெல்லாம் கலந்து ஒரே இரைச்சல். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கல்லூரித் தலைவர் முகத்துக்கு நேரே சொன்னார்: "இன்னும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. அப்பவும் இப்படித்தான்னா உங்க புத்தகத்த நாங்க அச்சடிக்கறதா இல்ல."

வீட்டில் சரியாகக் கேட்பது அரங்கில் ஏன் கெடுகிறது? சுவரா, கூரையா? அரங்கில் கம்பளம் விரித்துப் பார்த்தாள். வீட்டில் ஜன்னல்களைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வீட்டுப் பியானோ மேலேயே சந்தேகம் வந்து, சுருதி சேர்க்கிறவரை வரச் சொன்னாள். எப்போதும் அவரை வரவழைப்பது அக்காதான். இந்த முறை அக்காவிடம் சொல்ல மறந்துபோனாள்.

அவர் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, பியானோவுக்குக் குளிருதா?"

உள்ளே, தடித்த தந்திகளை அழுத்திக்கொண்டு அக்காவின் பழைய சாம்பல்நிறக் கம்பளிப் போர்வை.

சத்தம் கேட்டு எழுந்து வந்த அக்கா திருதிருவென்று விழித்தாள்.

"இத எப்பக்கா வச்சே?"

"நீ காலேஜ்ல சேந்தப்ப. இடது பக்கத்துக் கட்டைய நீ தட்டினா தலைக்குள்ள இடிக்கும்டி. இவர் வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சிடுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வாசிக்கறத நிறுத்திடுவே. அதுக்கா நான் ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கறேன்?"

எந்தக் காலத்திலோ செத்தவர் பெடலில் ஏன் காலை வைத்தார் என்று குடைந்து குடைந்து கேட்டவள், அடுத்த அறையில் படுப்பவள் இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று முழுக்க அவள் பியானோவைத் தொடவே இல்லை.

ஆனால் அந்தப் பாழும் மூளை சும்மா கிடக்குமா? அந்தக் காலத்துப் பியானோக்களில் தந்தி மெல்லியது, சட்டமும் மரம், ஒலி எழுந்த கையோடு அடங்கிவிடும். இதையெல்லாம் படித்தவள்தான், தன் புத்தகத்தில் எழுதியவளும்தான். காதுக்கு இப்போதுதான் உறைத்தது. அக்காவின் போர்வை தெரியாத்தனமாக அதே வேலையைச் செய்திருக்கிறது! எழுதியவர் மேல் குற்றமில்லை, பியானோதான் மாறிவிட்டது.

டியூட்டி முடிந்து வந்த அக்காவை அப்படியே கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். முதலில் பியானோவை உள்ளபடியே வாசித்தாள், அதே இரைச்சல். பிறகு மூடியைத் தூக்கி, தடித்த தந்திகளின்மேல் போர்வையை விரித்தாள்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?" என்று பதறினார் தலைவர்.

"எங்க அக்கா கண்டுபிடிச்சதக் காட்டறேன்" என்றாள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் பெடலில் காலை வைத்தாள்.

கடைசிவரை காலை எடுக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் வந்து, நின்று, அடுத்ததற்கு வழிவிட்டுப் போயிற்று. அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. வாசித்து முடித்து அவள் திரும்பியபோது எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

முன்வரிசையில் அக்கா, வாயைப் பிளந்துகொண்டு, தலைவரின் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கேள்வி சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். தூக்கிய கைகள் அத்தனையும் தூக்கியபடியே நின்றன. தலைவர் தோளை அசைக்காமல், அவளைப் பார்த்துச் சம்மதமாகத் தலையை மட்டும் ஆட்டினார்.