சுபைதாவுக்குப் பேச ஆள் சேர்த்த ஞானம்மா டீச்சர்

பசறையிலிருந்து வந்த மாட்டுக் கரத்தைக்காரர்தான் செய்தியைச் சொன்னார். கடையில் ஒரு பெண்ணுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "முதலாளி, ஞானம்மா டீச்சரு காலையில போயிட்டாங்க" என்றார். விரித்ததை மடிக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பதுளைக் கடைவீதியில் என் கோபத்தை அறியாதவர் இல்லை. அதை இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்ட மனுஷி அவர்.

என் மகள் சுபைதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. டீச்சர் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, பதுளையில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கற்பிக்க வந்தவர். ஒருநாள் கடைக்குத் துணி எடுக்க வந்தவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்றார். கேட்காத பிள்ளை அங்கே என்னத்தைப் படிக்கும், வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் துணியைக் கையில் வைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "நீங்க எல்லாரும் போன பொறகு, இந்தப் புள்ள யாருகிட்ட பேசும் முதலாளி?"

அன்றிரவு கடைக்கணக்கு எழுத உட்கார்ந்தால், அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. மறுவாரமே பிள்ளையை அனுப்பினேன்.

அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். டீச்சர் விடுவாரா? வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் சுபைதா கையைத் தூக்குமுன்பே தண்ணீர் வரும், பழம் வரும். உம்மா, மாமி, சாச்சி எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அதுதான் கூடாது, அவள் கையால் கேட்கும்வரை எதையும் கொடுக்காதீர்கள் என்றார் டீச்சர். பிள்ளை கோப்பையை விசிறி எறிந்து அழுதது. "என்ட புள்ள தண்ணிக்கு அழுறத பாக்க ஏலாது டீச்சர்" என்று சத்தம் போட்டேன். அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். "பாசம் இருக்கட்டும் முதலாளி. அவ வாயத் தொறக்கவும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார். கை அசைவைத்தான் அவர் வாய் என்று சொல்லுவார்.

எங்கள் வீட்டுச் சைகைகளை எல்லாம் அவர் கற்றுக்கொண்டார். முழம் போட்டுக் காட்டினால் துணி அளக்கும் வாப்பா, அதாவது நான். மூக்கைத் தேய்த்தால் பொடி போடும் மாமி. அதையெல்லாம் கொண்டுபோய் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். பிறகென்ன, சத்தமே வராமல் அரட்டை! பாடம் நடக்கும்போதே கைகள் பேசும். டீச்சர் கண்டும் காணாததுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வினையும் அங்கிருந்துதான் வந்தது. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஒருவர், கையால் பேசிப் பேசித் தன் மகளும் ஊமையாகிவிடுவாள், பிறகு எவன் கட்டுவான் என்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். இன்னும் சிலர் முணுமுணுத்தார்கள். இந்தக் கைப்பேச்சை நிறுத்துங்கள், இல்லையென்றால் சுபைதாவை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று பள்ளிக்கூடத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கொதித்துப்போனேன். டீச்சரோ குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கணக்கப்பிள்ளை மலைச்சரிவில் நின்று, எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்குத் துண்டை வீசி இடம் காட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் முடிக்கும்வரை காத்து நின்றார். பிறகு, "தெனமும் இப்படித்தான பேசுறீங்க. ஒங்களுக்கு வாய் போயிருச்சுங்களா ஐயா?" என்றார். மனிதர் துண்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முணுமுணுப்பும் அடங்கியது, பள்ளிக்கூடத்துப் பெரியவர்களும் விட்டுவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து வெலிமடை, ஹல்துமுல்லை என்று வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். டீச்சரின் சாவு வீட்டுக்கு வந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை மகள் சுபைதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முற்றத்து மூலையில் ஐந்தாறு பேர் வட்டமாக நின்று கைகளால் பேசத் தொடங்கினார்கள். சுபைதா ஏதோ சொன்னாள். எல்லாரும் அழுகையோடு சிரித்தார்கள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சைகை அதில் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது.

இந்தப் பிள்ளை யாரிடம் பேசும் என்று அன்று கடையில் டீச்சர் கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து அங்கே பதில் கிடைத்தது. அவர் எனக்கு விட்டுப்போனதும் அதுதான்: என் மகள் பேசினாள், என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அல்ஹம்துலில்லாஹ்.