எண் இறங்கினால் நல்லதா, கெட்டதா?

போன மாதம் என் அக்கா வீட்டில் திடீர்க் கொண்டாட்டம். மாமா தன் பனியன் கம்பெனியில் கட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார்.

காரணம்? ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் பாதியாகக் குறைந்திருந்தது. அவ்வளவுதான்!

அக்காவுக்கு இரைப்பையில் புற்றுநோய். வேகமாகப் பரவும் வகை என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கீமோ தொடங்கியதிலிருந்து 'ட்யூமர் மார்க்கர்' என்கிற அந்த எண்தான் எங்களுக்கு எல்லாமே. காலையில் எழுந்ததும் நூல் விலை பார்க்கிற மாமா, அதைக்கூட மறந்துவிட்டார்.

ஜிலேபி சாப்பிட்ட கையோடு ஸ்கேன் எடுத்தோம். கோவையில் டாக்டர் முன்னால் மூன்று பேரும் சிரித்த முகமாக உட்கார்ந்தோம்.

"கட்டி வளர்ந்திருக்குங்க. கல்லீரல்லயும் புதுசா தெரியுது. மருந்தை மாத்தணும்" என்றார் டாக்டர்.

மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நெம்பர் எறங்கீருச்சுங்களே! அப்புறம் எதுக்குங்க மாத்தோணும்?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கட்டியின் ஒரு பகுதி மருந்துக்கு அடங்கும், இன்னொரு பகுதி அடங்காது. அடங்காத பகுதி, இந்த எண் அளக்கிற பொருளை ரத்தத்தில் விடாமலே வளரலாம். எண் ஒரு துப்புதான்... தீர்ப்பு இல்லை.

இறங்கினால் நல்லது என்றுதானே இவ்வளவு நாள் நம்பினோம்?

"இன்னொரு லேப்ல பாத்துட்டு வர்றோமுங்க" என்று மாமா எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் அக்கா.

"டாக்டர்... எனக்குச் சோறு எறங்கி ரொம்ப நாளாச்சுங்க. ரெண்டு வாய் உண்டா வெளிய வந்துருது."

மாமா திகைத்துப் போனார். "ஏன் புள்ள சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? நெம்பர் எறங்கீருச்சுன்னு எல்லாருக்கும் ஜிலேபி குடுத்துட்டு வந்து நின்னீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

மாமா சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவே கேட்டாள்: "நான் எத்தன நாளைக்கு இருப்பனுங்க?"

"லேசான வகை இல்லீங்க, அதை மறைக்க மாட்டேன். இதே நோய் வந்த நூறு பேரை வெச்சுக் கேட்டா சுமாராச் சொல்லுவேன். அந்த நூறுல நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப மருந்த மாத்துங்க" என்றாள் அக்கா.

மாற்றினார்கள். போன வாரம் மாமா ஃபோன் செய்தார். குரலில் அழுகையா, சிரிப்பா... தெரியவில்லை.

"மாப்ள, நெம்பர் ஏறிப்போச்சு. ஆனா உங்கக்கா இன்னிக்கு ரசஞ்சோறு உண்டா. வெளிய வல்ல. இன்னுங் கொஞ்சம் போடுன்னு கேட்டா. இது நல்லதா, கெட்டதா?"

எனக்கென்ன தெரியும்? புது மருந்தின் தொடக்கத்தில் சில பேருக்கு அப்படி ஏறுமாம்; நிஜமாகவே நோய் ஏறினாலும் ஏறுமாம். அடுத்த ஸ்கேன் வரை டாக்டருக்கே தெரியாது. ஒரு விடையைத் தேடிப் போனால் இரண்டு கேள்வியோடு திரும்புகிறோம்.

இப்போதெல்லாம் அக்காவுக்கு ஃபோன் செய்தால் எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. "சாப்ட்டியாக்கா?" என்று கேட்கிறேன்.

நம் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதிலுக்காகக் காத்திருந்து கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை.