ஆபீஸுக்கு அவதி

கனமழைக்கு ரெட் அலர்ட் என்றதும் மறுநாள் அரசு அலுவலகங்களுக்கும் விடுமுறை விட்டார்கள். சம்பளத்தோடு ஒரு நாள் கிடைத்த துள்ளலில், கிளார்க்கான நானே எல்லோருக்கும் போன் செய்தேன். சங்கரன்கோவிலிலிருந்து புதிதாக வந்து, தினக்கூலிக்குக் கூட்டித் துடைக்கும் செல்வியிடமும், "நாளைக்கு ஆபீஸுக்கு அவதி, கேட்டோ" என்றேன். இங்கே மலையாள மண்ணில், வலியசாலையில் பிறந்த என் தமிழில் அவதி என்றால் மலையாளத்து விடுமுறைதான்.

விடுமுறை முழுக்க மழை. அதற்கடுத்த காலை, அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்ததாகக் கேள்விப்பட்டு ஓடினேன். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். ஆனால் தரையில் அடுக்கியிருந்த ஃபைல்கள் அத்தனையும் மேசைகள் மேல் நனையாமல் இருந்தன.

"நேத்தே ஏத்தி வச்சிட்டேங்க்கா" என்றாள் சாவியோடு நின்ற செல்வி. "நீங்கதான ஆபீஸுக்கு அவதின்னீங்க. என்ன அவதியோன்னு ஓடியாந்தேன்."

சிரிப்பு தாங்காமல் அவளைக் கட்டிக்கொண்டு, அவதி என்றால் இங்கே லீவு என்று விளக்கினேன்.

"லீவுக்கு எனக்குக் கூலி உண்டாக்கா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. "தினக்கூலிக்குக் கிடையாது."

"அப்ப புரியாம வந்ததே நல்லதாப் போச்சு."

வருகைப் பதிவேட்டில் விடுமுறை நாளின் தேதியில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நான் குதூகலமாகச் சொன்ன வார்த்தையை அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள்.