நீந்தத் தெரிந்த அப்பா

எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐந்து வருடமாக இதைச் சொல்லாமல் இருந்ததால் வந்த வினைதான் இதெல்லாம். கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு நிமிட நடையில், நாற்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். பின்னேரங்களில் ரயில் பாதையைக் கடந்து போய், கல்லில் குந்திக் காற்று வாங்கிவிட்டு வருவோம். தண்ணீரில் கால் வைத்தால் தடிமன் பிடிக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட கூட்டம்.

மகளுக்கு நாலு வயதாயிருந்தபோது அந்தக் கடற்கரையில் ஓர் அலை அவளைக் கவிழ்த்துப் போட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். தூக்கி எடுத்த பிறகும் அவள் மூச்சு விடாமல் அழுதாள். ஆற்ற வழி தெரியாமல் என் வாயில் இது வந்தது: “அப்பாக்கு நல்லா நீந்தத் தெரியும் பிள்ளை. அப்பா பக்கத்தில நிக்கேக்க தண்ணி ஒண்டும் செய்யாது.” அழுகை நின்றுவிட்டது. அவ்வளவு கெதியாக வேலை செய்கிற பொய்யை யார் விடுவான்? அடுத்த வருடம் நான் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியைக் குறுக்கே நீந்திக் கடந்தேன். அதற்கடுத்த வருடம் அதிலே மூழ்கித் தாண்டுகொண்டிருந்த ஒரு பெடியனைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக் காப்பாற்றினேன். உண்மையில் அந்தக் கேணிக்கு ஒரேயொரு முறைதான் போயிருக்கிறேன். படியில் இருந்துகொண்டு வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்தேன்.

போன வருடம் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு திங்கட்கிழமைதான் என்றார்கள். வீட்டில் மகள், “அம்மாக்கு என்ன?” என்று என்னைத்தான் கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. “ஒண்டுமில்லை, சும்மா ஒரு செக்கப்” என்றேன். அம்மா ஏன் சமைக்கும்போது அடுப்பைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறாள் என்று கேட்டாள். தலையிடி என்றேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சனிக்கிழமை காலை மனைவியின் தம்பி தெஹிவளையிலிருந்து காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். “பிளாட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தா விசர்தான் பிடிக்கும் அத்தான். அவிசாவளைப் பக்கம் ஒரு ஊற்றுக் குளம் இருக்கு, சுத்தி மரம், நல்ல தண்ணி. வாங்கோ போவம்.” மகள் உள்ளே ஓடிப்போய்த் துவாயை எடுத்துக்கொண்டு வந்தாள். அலை அடித்த நாளிலிருந்து வாளித் தண்ணீரைத் தவிர வேறெதிலும் இறங்காத பிள்ளை. “அப்பாவும் இறங்குறீங்கள்தானே? அப்ப நானும் இறங்குவன்” என்றாள்.

போகிற வழி முழுக்க எப்படித் தப்புவது என்றுதான் யோசித்தேன். காய்ச்சல் குணம் என்று சொல்லலாமா, கால் சுளுக்கு என்று விழலாமா? மைத்துனனோ காரை ஓட்டியபடி, “கீரிமலைச் சிங்கம் இண்டைக்கு என்ன செய்யுது எண்டு பாப்பம்” என்று பகிடி விட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கு நன்றாக நீந்தத் தெரியும், அந்த எரிச்சல் வேறு எனக்கு.

டிக்கட் எடுத்து உள்ளே போனோம். பாறைக்கு அடியில் ஊற்று. அதைச் சுற்றிக் கல்லால் கட்டிய பெரிய குளம். அதிலிருந்து வழிகிற தண்ணீர் கீழே பிள்ளைகளுக்கான சின்னக் குளத்துக்கு இறங்குகிறது. பெரிய குளத்தின் குறுக்கே, மஞ்சள் பிளாஸ்டிக் கான்களை மிதக்கவிட்டு ஒரு கயிறு. கயிற்றுக்கு அங்கால் ஆழம் என்று பலகை போட்டிருந்தது. நடுவில், அடியிலிருந்து தண்ணீர் வெளிக்கிடுகிற இடத்தில், மணல் உலைத் தண்ணீரைப் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடிக்கல் எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரித் தெரிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

மனைவி குளக்கரையில் பாயை விரித்து, இடியப்பப் பார்சல்களுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் மகளைச் சின்னக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். அவள் மாட்டேன் என்றாள். மணல் கொதிக்கிற இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமாம். மைத்துனன் தண்ணீருக்குள் நின்று கையை நீட்டினான். “வா, மாமா கூட்டிக்கொண்டு போறன்.”

“இல்லை, அப்பாவோடதான் போவன்.”

அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அதுதான் உண்மை. சனியன் பிடித்த பெருமை. மைத்துனன் சிரித்துக்கொண்டு மற்றக் கரைப் பக்கமாக நீந்திப் போய்விட்டான். நான் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு படியில் இறங்கினேன். தண்ணீர் ஐஸ். இடுப்பு வந்தது, நெஞ்சு வந்தது, கயிறும் கைக்கு வந்தது. இவ்வளவுதான், பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன்.

“அப்பா, இன்னும் கொஞ்சம் அங்கால.”

கயிற்றைப் பிடித்தபடி அதற்கு அங்கால் ஓரடி எடுத்து வைத்தேன். கரையில் நின்ற காவல்காரன் விசில் ஊதி, “அங்கிள், எஹாட்ட யன்ன எப்பா!” என்று சிங்களத்தில் கத்தினான். அங்கால் போகாதே என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, என் காலுக்குக் கீழே கல் இல்லை.

தண்ணீருக்குள் தாண்டோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மூக்குக்குள் தண்ணீர், காதுக்குள் இரைச்சல், கழுத்தை இறுக்கிக்கொண்டு இரண்டு சின்னக் கைகள். என் வலக்கை மட்டும் கயிற்றை விடவில்லை. அது என் கெட்டித்தனம் இல்லை, பயத்தில் விரல்கள் அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டன. மேலே வந்து இருமினேன். முதுகிலிருந்து அவளும் இருமினாள். பிறகு சிரித்தாள். நான் வேண்டுமென்று சுழியோடியதாக நினைத்துவிட்டாள்!

“இன்னொருக்கா அப்பா! கயிற்றை விட்டிட்டுப் போங்கோ. கேணியில அந்த அண்ணாவை இழுத்த மாதிரி!”

சொல்லிக்கொண்டே கயிற்றிலிருந்த என் விரல்களைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒரு விரல் கழன்றது. என் கால்கள் அடியைத் தேடித் துழாவின, ஒன்றும் அகப்படவில்லை.

“விடாதை பிள்ளை. எனக்கு நீந்தத் தெரியாது.”

“பகிடிதானே?”

“இல்லை. சத்தியமாத் தெரியாது. ஒரு நாளும் தெரியாது.”

முதுகில் அவள் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது. கத்தப்போகிறாள், உதறப்போகிறாள், இரண்டு பேரும் முடிந்தோம் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. ஒரு கையை என் கழுத்திலிருந்து எடுத்துக் கயிற்றைப் பிடித்தாள். பிறகு மற்றக் கையையும். “நீங்களும் ரெண்டு கையாலயும் பிடியுங்கோ” என்றாள். “இப்ப இந்தக் கையை நகர்த்துங்கோ. இப்ப மற்றது.” அப்படியே கயிற்றோடு சாண் சாணாகக் கரைப் பக்கம் வந்தோம். காலில் கல் பட்டபோது காவல்காரனும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். அவன் அவளைத் தூக்கிக் கரையில் விட்டான். எனக்குச் சிங்களத்தில் நல்ல ஏச்சு விழுந்தது.

மனைவி எழுந்து ஓடி வந்தாள். அவளுக்கு முகத்தில் இரத்தமே இல்லை. மகளைத் துவாயால் சுற்றி, என்னைப் பார்த்து, “உங்களுக்கு என்ன விசரே?” என்றாள். நான் படியில் இருந்தேன். “இவ்வளவு நாளும் பொய் சொன்னனான் பிள்ளை” என்றேன். “நீ அழக்கூடாது எண்டுதான்.”

மகள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ ஒவ்வொன்றாக யோசிக்கிறாள் என்று விளங்கியது. பிறகு கேட்டாள்.

“அப்ப அம்மாக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்னது?”

என் மனைவியின் கை துவாயிலேயே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்தாள். “ஒண்டுமில்லை” என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஐந்து வருடப் பழக்கமல்லவா, அது தானாகவே வரும்.

“எங்களுக்குத் தெரியாது பிள்ளை” என்றேன். “திங்கட்கிழமைதான் சொல்லுவினம். எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் துவாயைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி, அம்மாவின் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.