கரீம் பாய் பழம் கேட்காத வண்டி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரத்தில் என் லேத்துப் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். கடலூர் பஸ் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவிட்டு என்னைத் தேடி நடந்தே வந்தார். “கரீம் பாய் மவுத்தாயிட்டாருங்க. விடியக்காலைல நெஞ்சு வலியாம். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். அவுங்க மவன் ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு” என்றார்.

பட்டறையை அப்படியே பூட்டிவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். கடலூர் முதுநகரில் இறங்கியதும், அவர் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸைப் பார்த்தேன். ‘வெள்ளாறு மோட்டார் கம்பெனியின் முன்னாள் மெக்கானிக் ஜனாப் அப்துல் கரீம் காலமானார்.’ முன்னாள் மெக்கானிக்காம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கம்பெனியே அவர் கையில் பிறந்தது. அதை அறியாதவர்களுக்காகவும், அறிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் முதலாளிக்கு அரிசி ஆலையும், கார் பந்தயப் பித்தும் இருந்தன. விபத்தில் நசுங்கிய ஒரு சீமைக் காரை ஏலத்தில் எடுத்து வந்து, ஆலைக் கொட்டகையில் போட்டார். “இத வெச்சி பந்தய வண்டி பண்ண முடியுமா பாய்?” என்று கேட்டார். கரீம் பாய் அதுவரை பஸ் இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர். காரை இரண்டு சுற்று சுற்றி வந்து, “இன்ஷா அல்லா, ஆறு மாசம் குடுங்க” என்றார்.

அந்த ஆறு மாதமும் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டியே உடல் முழுவதையும் அமைத்தார். வரைபடம் ஒன்றும் கிடையாது. கொட்டகைத் தரையில் கரித்துண்டால் போட்ட கோடுகள்தான். லேத்தில் நின்று அவர் கேட்ட சாமான்களைக் கடைந்து கொடுத்தவன் நான். ஒரே வயதுக்காரர்கள் என்பதால் எங்களுக்குள் மச்சான் முறை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. முடித்த வண்டியைக் கடலூரிலிருந்து புவனகிரி வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, சிதம்பரம் வரை தாமே ஓட்டிப்போய்த் திரும்புவார். வந்து நின்றதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். முன் சக்கரம் இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். பின் சக்கரம் இரண்டும் அப்படியே. ஒன்று அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவர் கையை எடுத்து, “பழம் வாங்கியா” என்று சொன்ன பிறகுதான் நாங்கள் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்தடியில் வைப்போம். “எங்க சாமிக்கு வைக்கிற பழத்துக்கு நீ உத்தரவு குடுக்கிற மச்சான்” என்று கேலி செய்வேன். “சாமி இஞ்சினப் பாத்துக்கட்டும். பிரேக்க நான் பாத்துக்கறேன்” என்பார். பழம் நசுங்கிய வண்டியைப் பற்றி எங்கள் பட்டறையில் யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

முதல் வண்டி, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் சீமைக் கார்களுக்கு நடுவே இரண்டாவதாக வந்தது. அதைக் கண்டு சென்னைப் பணக்காரர்கள் தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் உட்காரும் கார்களைச் செய்து விற்க முதலாளி கம்பெனி ஆரம்பித்தார். பெயரை வைத்ததும் பாய்தான். “ஆத்தைத் தாண்டி வந்தாத்தான் நம்ம வண்டி வண்டியாவுது. வெள்ளாறுன்னே வையுங்க” என்றார். இன்று கம்பெனியின் சென்னை ஆபீஸ் வாசலில் அந்தப் பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டியிருக்கிறார்கள். கீழே முதலாளியின் படம் மட்டும் இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று பந்தயம். சென்னைக்கு வண்டியை ஏற்றிச் செல்ல லாரி வாசலில் நின்றது. காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பாய் சக்கரங்களைத் தொட்டார். என் காது கேட்கவே சொன்னார்: “முன்னாடி இடது சக்கரம் ஜாஸ்தியா சுடுது. ஜும்ஆ தொழுகைக்குப் போய்ட்டு வந்து பிரிக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க.”

அவர் தெருமுனை திரும்பியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ராமலிங்கம், பழம் வாங்கியா. நேரமாவுது.” “பாய் வரட்டுங்களே” என்றேன். “இது என் கம்பெனியா, பாய் கம்பெனியா?” என்றார். நான் போய் வாங்கி வந்தேன். நானேதான் சக்கரத்தடியில் வைத்தேன். பந்தயத்தில் வண்டி ஓட்ட அப்போதுதான் பெண்ணாடத்திலிருந்து வந்து இறங்கிய செல்வராசு, பழம் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக வண்டியை லாரியில் ஏற்றினான்.

பாய் திரும்பி வந்தபோது தரையில் பழத்தோல்தான் கிடந்தது. அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “சென்னையில பெரிய பட்டறையில பிரிச்சிப் பாக்கச் சொல்லியிருக்கேன் பாய்” என்று முதலாளி கூசாமல் சொன்னார். யாரும் பிரிக்கவில்லை. ஞாயிறன்று ஒரு திருப்பத்தில் இடது பிரேக் இறுகி வண்டி கவிழ்ந்தது. செல்வராசுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விபத்தை விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி, “பாய் சரின்னு சொல்லாம எங்க பட்டறையில பழம் வைக்க மாட்டோம். வேணும்னா கேளுங்க” என்று என்னைக் கை காட்டினார். பழம் வைத்தீர்களா என்று கேட்டார்கள். “வெச்சோம்” என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சிதம்பரத்தில் தனியாகப் பட்டறை போட நான் வேலை செய்த லேத்தை எனக்கே தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். சொன்னபடி தந்தார்.

பாயை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஊரில் ‘காலை எடுத்த பாய்’ என்று பெயராயிற்று. லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டிப் பிழைத்தார். ஒரே ஒரு முறை ஒரு புஷ் வளையம் கடைய என் பட்டறைக்கு வந்தார். லேத்தின் மேல் கையை வைத்து, “நல்லா ஓடுதா மச்சான்?” என்றார். புஷ்ஷை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்கு முதலாளி சென்னையிலிருந்து புது வெள்ளாறு காரில் வந்தார். நாங்கள் மண் போட்டுவிட்டு கபர்ஸ்தானை விட்டு வெளியே வந்தோம். அவர் காரில் சாய்ந்தபடி பத்துப் பேர் கேட்கச் சொன்னார்: “நல்ல வேலைக்காரர். ஒரே ஒரு தடவ கவனம் தப்பிடுச்சி, பாவம்.”

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “பொய்! அன்னிக்கு பாய் வேணாம்னாரு. அவர் தொழுவப் போன நேரத்துல நீங்க சொல்லி நான்தான் பழம் வெச்சேன்” என்று கத்தினேன். முதலாளி முகம் வெளுத்து, காரில் ஏறிப் போய்விட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் வாசலோரம் கட்டையை ஊன்றி நின்ற செல்வராசுவைக் கண்டேன். காலை இழந்த பிறகு கடலூரிலேயே சைக்கிள் கடை வைத்திருக்கிறான். உள்ளே வர மனமில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறான்.

“நாலு வருஷமா என் கடையத் தாண்டிப் போறப்பல்லாம் பாய் சலாம் சொல்லுவாரு. நான் மூஞ்சத் திருப்பிக்குவேன்” என்றான். பிறகு, “இத்தினி நாளா நீ எங்கய்யா இருந்தே?” என்று கேட்டான்.

அவன் கட்டையை ஊன்றி ஊன்றிக் கபர் மேட்டுக்குப் போனான். குனிய முடியாமல், பாயின் மகனிடம் கையை நீட்டி மண் வாங்கி மூன்று முறை போட்டான். பிறகு அந்தப் பையன் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஈர மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

மச்சான், நீ உயிரோடிருக்கும்போது சொல்ல வேண்டியதை மண் போட்ட பிறகு சொன்னேன். போய் வா. மன்னிக்கும்படி உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.